இப்சிட் (சிறுகுடல் லிம்போமா)

இப்சிட் (IPSID), சிறுகுடலின் மேற்பகுதியில் தோன்றும் அரிய வகை லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். குடற்சுவரில் ஐஜிஏ எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் பெருகி, முழு எதிர்ப்பொருளுக்குப் பதிலாக அதன் ஆல்ஃபா கனச் சங்கிலியை மட்டும், அதுவும் குறைபட்ட வடிவில், உண்டாக்குகின்றன. சுகாதார வசதி குறைந்த பகுதிகளின் இளவயதினரையே பெரும்பாலும் தாக்கும். தீராத வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, உடல் மெலிவு ஆகியவை அறிகுறிகள். பலருக்கு விரல்நுனி தடித்து நகம் வளையும்.

வரலாறு: 1960களில் மத்தியதரைக்கடல் நாடுகளில் இந்நோய் கவனத்துக்கு வந்தது. 1968இல் பிரான்சின் மாக்சிம் செலிக்மனும் குழுவினரும் ஆல்ஃபா கனச் சங்கிலிப் புரதத்தைக் கண்டறிந்தனர். 1976இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை இப்சிட் என்ற பெயருக்கு வழிவகுத்தது. 2004இல் மார்க் லெக்யூ குழுவினர் நோயாளிகளின் குடல் திசுவில் காம்பிலோபாக்டர் ஜெஜுனி கிருமியைக் கண்டனர்.

தமிழ்நாட்டில்: வயிற்றுப்போக்கும் மெலிவும் குடல் காசநோய்க்கும், உணவுச்சத்தைக் குடல் உறிஞ்சாத ஸ்ப்ரூ நோய்க்கும் பொதுவானவை, இங்கு இரண்டும் அறிமுகமானவை என்பதால் இப்சிட் எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடும். ஸ்ப்ரூவை நெடுங்காலம் ஆராய்ந்த வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) நாயர், மின்னி மாத்தன், ராமகிருஷ்ணா, வி.ஐ. மாத்தன் ஆகியோர் தென்னிந்திய இப்சிட் நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 1998இல் வெளியிட்டனர்.

கண்டறிதல்: எண்டோஸ்கோபி மூலம் முன்சிறுகுடலிலிருந்து பல இடங்களில் திசு எடுத்து பயாப்ஸி செய்வதே முதன்மையான வழி. இரத்தத்திலோ குடல்நீரிலோ ஆல்ஃபா சங்கிலியைத் தேடுவதும் உதவும். எண்டோஸ்கோபி குடற்சுவரின் மேலடுக்கையே தொடுவதால், ஆழத்தில் பரவிய கட்டி தப்பக்கூடும். அதனால் முன்பு நோயின் நிலையறிய வயிற்றைத் திறந்தும் பார்த்தனர்.

சிகிச்சை: கிருமித் தொடர்பு இருப்பதால், தொடக்க நிலையில் டெட்ராசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை மாதக்கணக்கில் கொடுத்தாலே நோய் தணிவதுண்டு. முற்றிய நிலைக்குக் கீமோதெரபி தேவை. சென்னையில் அத்தகைய சிகிச்சை வேரூன்றிய இடம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கி, கிருஷ்ணமூர்த்தி, சாந்தா ஆகிய மருத்துவர்களால் வளர்ந்தது. 1984இல் புற்றுநோய் மருத்துவத்தில் டிஎம் என்னும் உயர்சிறப்புப் படிப்பை நாட்டில் முதன்முதலில் தொடங்கியது.

நோய் முற்றுமுன் பிடிபட்டால் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையே போதுமாகலாம். எனவே நாள்பட்ட வயிற்றுப்போக்குடன் எடையும் குறைந்தால், பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது.