தோட்டா சிக்கியதா, கதை சிக்கியதா?

கௌபாய் படங்கள்ல ரிவால்வர் மக்கர் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? ஹீரோ இடுப்புலேர்ந்து உருவுவாரு, சுடுவாரு, கதை முடிஞ்சுடும். நிஜ வரலாறு அவ்வளவு சுலபமா இல்ல. துப்பாக்கி ஒழுங்கா இருக்கும், உள்ளே போட்ட தோட்டா காலை வாரிவிடும். இன்னைக்கு நான் பேசப்போறது அந்தத் தோட்டாக்களைப் பற்றித்தான். அது கடைசியில் ஒரு போரில் தோற்றது யாரால் என்ற கேள்வியில் போய் நிற்கும்.

1857-லேர்ந்து ஆரம்பிப்போம். அதுவரைக்கும் பெரும்பாலான ரிவால்வர்கள்ல மருந்தையும் குண்டையும் உள்ளே திணிச்சு, பின்னாடி வெடிக்கும் கேப்பைத் தனியா மாட்டணும். அந்த வருஷம் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி ஒரு சின்ன ரிவால்வரைக் கொண்டுவந்தது. அதற்கான தோட்டாவில் எல்லாமே ஒரே செம்பு உறைக்குள், ஆலையிலேயே தயாராக இருந்தது. பெரிய வசதி. ஆனா அந்தச் செம்புத் தகடு ரொம்ப மெல்லிசு. சுட்டதும் உறையின் பின்பக்கம் உப்பிக்கும். உப்பினால் சிலிண்டர் சுத்தாது. சிலிண்டர் சுத்தலைன்னா அது ரிவால்வரே இல்ல, பேப்பர்வெயிட்தான்.

கம்பெனி என்ன பண்ணுச்சு? சிலிண்டருக்குப் பின்னாடி, அதோடு சேர்ந்தே சுத்துற மாதிரி ஒரு வட்டத் தகட்டை வைத்தார்கள். அதாவது, தோட்டாவின் குறைக்காகத் துப்பாக்கியை மாற்றினார்கள்.

அடுத்தது இதற்கு நேர் தலைகீழ். 1873-ல் அமெரிக்க ராணுவம் கோல்ட் கம்பெனியின் .45 ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. ரெண்டு வருஷத்துல ஸ்மித் அண்ட் வெஸனின் ஸ்கோஃபீல்டு ரிவால்வரையும் வாங்க ஆரம்பிச்சாங்க. இதுவும் .45தான். ஆனா இதோட சிலிண்டர் குட்டை. கோல்ட்டின் நீளத் தோட்டா இதுக்குள்ள அடங்காது. ஸ்கோஃபீல்டின் குட்டைத் தோட்டாவோ கோல்ட்டிலும் போகும். ஒரே ராணுவம், ஒரே .45, ஆனா பெட்டி மாறிப்போனா ஸ்கோஃபீல்டு வச்சிருக்குற சிப்பாய் வெறுங்கைதான். அதனால் ரெண்டுக்கும் பொருந்துகிற குட்டைத் தோட்டாவையே ராணுவ ஆலையில் செய்தார்கள். இந்தத் தடவை துப்பாக்கிக்காகத் தோட்டாவை மாற்றினார்கள்.

இப்போ போருக்கு வருவோம். 1876 ஜூன் 25. இன்றைய மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. லகோட்டா, ஷையான், அரபாஹோ மக்களின் பெரிய முகாமை கஸ்டர் தலைமையிலான ஏழாவது குதிரைப்படை தாக்கியது. கஸ்டரும் அவரோடு நேரடியாகப் போன இருநூற்றுச் சொச்சம் பேரும் அங்கேயே செத்தார்கள். ஒவ்வொரு சிப்பாயிடமும் ஒரு கோல்ட் ரிவால்வரும், ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைனும் இருந்தன. கார்பைனுக்கு நூறு தோட்டா, ரிவால்வருக்கு 24. கார்பைனில் ஒரு நேரத்துல ஒரே தோட்டாதான் போட முடியும். சுட்ட உறை வெளியே வந்தாதான் அடுத்தது.

அந்த உறையும் செம்புதான். மருந்து எரியும்போது உறை விரிந்து குழலோடு ஒட்டிக்கும். பித்தளையா இருந்தா உடனே கொஞ்சம் சுருங்கி விட்டுக்கொடுக்கும். செம்பு மெத்து, விரிஞ்சது விரிஞ்சபடியே நிக்கும். போதாததுக்கு, தோல் பெல்ட்டில் செருகி வைத்த தோட்டாவில் தோல் பதப்படுத்திய பொருள் பட்டுப் பச்சைக் களிம்பு ஏறும். ஈயம் பூசாத பாத்திரத்துல புளிக்குழம்பு வச்சா ஏறுமே, அதே களிம்பு. சூடு, கரி, களிம்பு மூணும் சேர்ந்தா, உறையை இழுக்கும்போது அடிப்பாகம் மட்டும் பிய்ந்து வந்துடும். மீதி உள்ளேயே சிக்கிக்கும். பாக்கெட் கத்தியால நோண்டணும்.

போரில் உயிர் தப்பிய மேஜர் ரீனோ, அடுத்த மாசமே ராணுவத் தளவாடத் துறைக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். இங்கேதான் கதை பிறக்குது: "தோட்டா சிக்கியதால்தான் கஸ்டர் தோற்றார்." இன்னிக்கும் சொல்றாங்க.

ஆனா அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணிக்கையைப் பாருங்க. 380 கார்பைன்களில் இப்படிக் கெட்டுப்போனவை ஆறு. நூற்றுக்கு ரெண்டுகூட இல்ல.

"அது ரீனோவோட ஆட்கள், கஸ்டரோட ஆட்கள் கதை வேறயா இருக்கலாமே"னு கேட்கலாம். நியாயமான கேள்வி. செத்தவர்கள் கடிதம் எழுத முடியாது. ஆனா 1983-ல் அந்தப் போர்க்களத்தில் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. தரை வெளியே தெரிஞ்சதும், 1984-லும் 1985-லும் தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரோட இறங்கினாங்க. கிடைத்த உறைகளில் ஊசி அடித்த தடத்தைப் பார்த்து, எது எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று பிரித்தார்கள். நெம்பி எடுத்த கீறல் இருக்கான்னும் தேடினாங்க. இருந்தது, ஆனால் மிகச் சில உறைகளில்தான். அதே மண்ணில் வேறொன்றும் கிடைத்தது: ஹென்றி, வின்செஸ்டர் போன்ற, அடுத்தடுத்துச் சுடக்கூடிய துப்பாக்கிகளின் உறைகள். அவை எதிர்த்தரப்பு வீரர்களின் கையில் இருந்தவை.

தோட்டாவில் குறை இல்லைன்னு நான் சொல்லல. இருந்தது. அது சிலரின் உயிரைக் குடிச்சிருக்கலாம். ராணுவமும் 1880-களில் செம்பை விட்டுப் பித்தளைக்கு மாறியது. களிம்பு ஏறாம இருக்க அதுக்கு ஈயமும் பூசினாங்க. நம்ம பாட்டிங்க பாத்திரத்துக்குப் பண்ண அதே வேலை.

ஆனா "தோட்டா சிக்கியது" என்ற ஒரு வரி, இன்னொரு வரியை எழுத விடாமல் தடுத்தது. தங்கள் குடும்பங்கள் இருந்த முகாமைக் காக்க அந்த வீரர்கள் திறமையாகப் போரிட்டு ஜெயித்தார்கள் என்ற வரி. தோற்றவனுக்கு எந்திரத்தைக் குறை சொல்றது வசதி, ஏன்னா அப்போ எதிரியைப் பாராட்ட வேண்டியதில்லை. அடுத்த தடவை யாராவது ஒரு பெரிய தோல்விக்கு ஒரு சின்ன உலோகத் துண்டைக் காரணமாகக் காட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எத்தனைல எத்தனை?"

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.