குதிரை முதுகில் ஒரு சஃபாரி: தென்னாபிரிக்காவுக்குப் புறப்படும் முன் அறியவேண்டியவை

சஃபாரி என்றதும் நம்மவர்களில் பலருக்கு நினைவில் வருவது கூரை திறந்த ஜீப் வண்டியும் தொலைநோக்கியும்தான். தென்னாபிரிக்காவில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. குதிரையில் ஏறி, ஒரு வழிகாட்டியின் பின்னால் சிறு குழுவாக, சில நாட்கள் புல்வெளியிலும் மலையிலும் கடற்கரையிலும் போய்வரலாம். இந்த விடுமுறை எப்படிப்பட்டது, எங்கே கிடைக்கிறது, யாருக்கு ஏற்றது என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். ஜீப்பில் சாரதி ஒருவர் இருப்பார். குதிரையில் நாமேதான் சாரதி. ஆகவே இடத்தைத் தெரிவு செய்யும் முன் நமது ஓட்டத் திறமையை நாமே நேர்மையாக எடைபோட வேண்டும்.

ஏன் குதிரை?

வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, மான் வகைகள் ஆகியவை குதிரையைத் தம்மைப் போன்ற இன்னொரு தாவர உண்ணியாகவே பார்க்கின்றன. மனிதர் நடந்து வந்தால் தொலைவிலேயே கலைந்து ஓடும் கூட்டம், அதே மனிதர் குதிரைமேல் வந்தால் பல வேளைகளில் மேய்ச்சலை விடாது. எஞ்சின் இரைச்சல் இல்லை. வண்டிப்பாதை தேவையில்லை. உயரத்தில் இருப்பதால் புல்லுக்கு மேலாகப் பார்க்கலாம். இன்னொரு நன்மை, குதிரையின் காதுகள். நம் கண்ணுக்கு எதுவும் தெரியும் முன்னரே அவை ஒரு திசையில் நிமிர்ந்து நிற்கும். அனுபவமுள்ள வழிகாட்டிகள் காட்டைப் பார்ப்பதோடு அந்தக் காதுகளையும் பார்த்தபடியே போவார்கள்.

மூன்று நிலங்கள், மூன்று விதமான பயணங்கள்

வாட்டர்பேர்க்: நாட்டின் வடக்கே லிம்போபோ மாகாணத்தில் உள்ள மேட்டுநிலம். 2001இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஜோகன்னஸ்பேர்க்கில் இருந்து சில மணி நேரக் கார்ப் பயணம். மலேரியா அபாயம் இல்லாத பகுதி என்பது குடும்பத்தோடு போவோருக்குப் பெரிய ஆறுதல். இங்கே குதிரையோட்டம் நடக்கும் தனியார் காப்பகங்கள் பலவற்றில் சிங்கம் இல்லை. அப்படியான இடத்தில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, காட்டெருது மான், கூடு மான் ஆகியவற்றின் நடுவே அமைதியாகப் போகலாம். முதன்முறை சஃபாரி ஓட்டம் போகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

ட்ராக்கென்ஸ்பேர்க்: குவாசுலு நட்டாலின் மேற்கு எல்லையில், லெசோத்தோ நாட்டை ஒட்டி எழும் மலைத்தொடர். சான் மக்கள் தீட்டிய பாறை ஓவியங்களுக்காகவும் இயற்கை வனப்புக்காகவும் 2000ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே பெரிய விலங்குகளைத் தேடிப் போவதில்லை, மலைதான் காட்சி. எலண்ட் மான், பபூன் குரங்கு, பிணந்தின்னிக் கழுகு ஆகியவற்றைக் காணலாம். எல்லைக்கு அப்பால் லெசோத்தோவின் பசோத்தோ மட்டக்குதிரை, கல்லும் சரிவும் நிறைந்த பாதையில் கால் பிசகாமல் நடப்பதற்குப் பெயர்பெற்றது. இந்த மலைக்கு வழக்கமாக டேர்பனில் இருந்து புறப்படுவார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையில் இருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய அதே துறைமுக நகரம். அவர்கள் கட்டிய கோவில்களுக்காக ஒரு நாளை ஒதுக்கலாம்.

வைல்ட் கோஸ்ட்: கிழக்குக் கேப் மாகாணத்தின் கடலோரம். ஆற்று முகத்துவாரங்கள், பச்சைக் குன்றுகள், கோசா மக்களின் கிராமங்கள், மணலில் படுத்திருக்கும் மாடுகள் என நீளும் கரை. வற்றுப்பெருக்குப் பார்த்தே இங்கு பயணத்தை வகுப்பார்கள். கடல் வற்றும்போது இறுகிய மணலில் குதிரையை ஓடவிடலாம், ஆறுகளையும் எளிதாகக் கடக்கலாம். காட்டு விலங்குகளைப் பார்க்க விரும்புவோருக்கு இது ஏமாற்றம் தரலாம். கிராமத்தார் நடத்தும் விடுதிகளில் தங்கினால் நமது பணம் நேரே அவர்கள் கைக்குப் போகும்.

குதிரைகளுக்கு வரும் நோய்

குதிரை தென்னாபிரிக்காவின் சொந்த விலங்கு அல்ல. 1650களில் ஒல்லாந்தர் அதை ஜாவாவில் இருந்து கேப்புக்குக் கொண்டுவந்தனர். வந்த குதிரைகளுக்குப் பெரும் எதிரியாக இருந்தது சிங்கம் அல்ல, ஒரு சிறு ஈ. 'ஆபிரிக்கக் குதிரை நோய்' எனப்படும் வைரஸ் நோயைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கடிஈக்கள் பரப்புகின்றன. வரிக்குதிரைக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, குதிரையைக் கொன்றுவிடும். 1854-55இல் கேப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 70,000 குதிரைகள் மாண்டன. இன்று தடுப்பூசி உண்டு. ஈக்கள் பொழுது சாய்ந்ததில் இருந்து விடியும் வரை பறப்பதால், பொறுப்பான நிறுவனங்கள் ஆபத்தான காலத்தில் மாலைக்கு முன்னரே குதிரைகளை லாயத்தில் அடைத்துவிடும். குதிரைகளுக்கு எப்போது தடுப்பூசி போட்டார்கள், இரவில் எங்கே நிற்கும், வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு என்று பதிவு செய்யும் முன் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

நமக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

லண்டனிலும் டொரொன்டோவிலும் நம் பிள்ளைகள் பலர் குதிரையோட்டம் பழகுகிறார்கள். வேலியடைத்த திடலில் ஒரு மணி நேரம் வட்டமாக ஓட்டுவதும், திறந்த வெளியில் நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் சேணத்தில் இருப்பதும் ஒன்றல்ல. புதரில் இருந்து ஒரு காட்டுப்பன்றி பாய்ந்தால் குதிரை திடீரென விலகும். அப்போது விழாமல் இருக்கவும், ஓடத் தொடங்கும் குதிரையை நிறுத்தவும் தெரியவேண்டும்.

சிங்கம், யானை, எருமை உள்ள காப்பகங்களில் நிபந்தனை இன்னும் கடுமை. நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் ஆகிய எல்லா வேகத்திலும் குதிரையைக் கட்டுப்படுத்தக் கூடியவரை மட்டுமே ஏற்பார்கள். முதல் நாளே ஓட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். திறமை போதாதவரை ஜீப்பில் ஏற்றிவிடவும் கூடும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஒருவர் விழுந்தால் முழுக் குழுவுமே ஆபத்தில் நிற்கும். விண்ணப்பப் படிவத்தில் திறமையைக் கூட்டி எழுதுவதும் எடையைக் குறைத்து எழுதுவதும் இந்த விடுமுறையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறுகள். எடை வரம்பு பொதுவாக 85 முதல் 95 கிலோ வரை இருக்கும். அது குதிரையின் முதுகைக் காப்பதற்கான கணக்கு.

காட்டில் விதிகள் சில. வரிசையை விட்டு விலகக்கூடாது. வழிகாட்டியை முந்தக்கூடாது. சிங்கம் எதிர்ப்பட்டால் அவர் சொல்லாமல் குதிரையைத் திருப்பி ஓட்டக்கூடாது. ஓடுவது எதுவோ அதைத் துரத்துவது சிங்கத்தின் இயல்பு.

புறப்படும் முன்

காலம்: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். வடக்கே மழை இராது, புல் குறைந்திருக்கும், விலங்குகள் நீர்நிலைகளில் கூடும். காலை வேளை மட்டும் கடும் குளிர். ட்ராக்கென்ஸ்பேர்க் உச்சிகளில் அப்போது பனி விழும். கோடையிலோ பிற்பகல் இடிமழை வழக்கம்.

காப்புறுதி: சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல குதிரையோட்டத்தை விலக்கி வைத்திருக்கும். விபத்தானால் விமானத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் செலவும் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உடல்நலம்: கென்யா, எத்தியோப்பியா வழியாகப் பயணித்து அங்குள்ள விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். புல்வெளியில் உண்ணிகள் உண்டு; ஒவ்வொரு மாலையும் உடலைச் சோதிக்கவேண்டும். ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால் போன இடத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உடை: உங்கள் அளவுக்குப் பொருந்தும் தலைக்கவசத்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள். சிறிய குதி உள்ள சப்பாத்து அவசியம். குதி இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் வழுகிச் சிக்கிக்கொள்ளும்.

பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே நீங்கள் வாழும் நாட்டில் ஓட்டப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள், அதுவும் திடலுக்கு வெளியே. பயிற்சியாளரிடம் பாய்ச்சலில் ஓடும் குதிரையை நிறுத்திக் காட்டச் சொல்லிப் பழகுங்கள். அது கைகூடினால் எந்த நிலத்துக்கும் துணிந்து பதிவு செய்யலாம். கைகூடாவிட்டால் வாட்டர்பேர்க்கின் சிங்கமில்லாத காப்பகம் ஒன்றில் நடையாகவே போய்வாருங்கள். ஒட்டகச்சிவிங்கி அங்கும் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும்.