தோட்டவெளி வேதசாட்சிகளும் சொல்வன்மை ஆய்வும்

மன்னார்த் தீவிலுள்ள தோட்டவெளி, 1544 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட மன்னார்க் கத்தோலிக்கரை வேதசாட்சிகளாக, அதாவது விசுவாசத்துக்காக உயிர்நீத்தவர்களாக, நினைவுகூரும் தலமாகும். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற இம்மக்களின் முடிவை, வெவ்வேறு நோக்கங்கொண்ட இரு பனுவல்கள் கூறுகின்றன. ஒரு பனுவல் தன் வாசகரை எவ்வாறு இணங்கச் செய்கிறது என ஆராயும் சொல்வன்மை ஆய்வுக் கட்டுரையைப் பரீட்சையில் எழுதும் மாணவருக்கு, இவற்றினும் பொருத்தமான பயிற்சி ஈழத்து வரலாற்றில் அரிது.

இவ்வாய்வுக்கு அரிஸ்டாட்டில் வகுத்த மூன்று வழிகளை, அதாவது பேசுவோனின் நம்பகத்தன்மை, கேட்போரின் உணர்ச்சி, வாதத்தின் நியாயம் என்பனவற்றை, ஆசிரியர்கள் இன்றும் கற்பிக்கின்றனர். ஆனால் பவணந்தியின் நன்னூலும், நூலின் முகவுரையான பாயிரம் உணர்த்தவேண்டியவற்றுள் கேட்போரையும் பயனையும் வைத்து, காலம், நூல் அரங்கேறிய களம், இயற்றிய காரணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கூறுவோரும் உளர் என்கிறது. ஆய்வைத் தொடங்க இவ்வைந்தும் போதும்.

கொச்சியிலிருந்து 1545 ஜனவரி 27 இல் சேவியர் எழுதிய கடிதத்துக்குக் கேட்போர், ரோமிலிருந்த அவருடைய இயேசு சபைத் தோழர்கள் ஆவர். பெருந்தொகையான மக்கள் திருமுழுக்குப் பெற்ற செய்திகளோடு மன்னார்க் கொலையையும் சேர்த்து வைக்கும் அக்கடிதம், அதனைத் தோல்வியாகப் புலம்பாமல், தம் காலத்திலும் வேதசாட்சிகள் இல்லாமற் போகவில்லை என்ற நன்றியறிதலாக மாற்றுகிறது. இம்மாற்றமே அதன் சொல்வன்மையின் உயிர்நிலையாகும். ஏனெனில், தொலைவிலிருந்து அதனை வாசிக்கும் இளந்துறவிக்கு இந்தக் கடற்கரை அஞ்சி விலகவேண்டிய இடமாகத் தோன்றாமல், ஆதித் திருச்சபையின் நாட்கள் மீண்டும் தோன்றிய இடமாகத் தோன்றுகிறது. ஞானஸ்நானம் பெற்றோர் போர்த்துக்கேய அரசனின் சார்பினராக மாறுவதைச் சங்கிலி தன் ஆட்சியுரிமைக்கு வந்த ஆபத்தாகக் கண்டிருக்கலாம் என்ற, பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டும் காரணத்துக்கு இக்கதையில் இடமில்லை. சொல்லாமல் விட்டதும் வாசகரை இணங்கச் செய்யும் என்பதை மாணவர் இங்கே காணலாம்.

மாதகல் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையோ, ஒல்லாந்த அதிகாரி மேக்கறூனின் வேண்டுகோளுக்கிணங்க, 1736 அளவில் எழுந்தது. மன்னாரில் அறுநூறு பேர் மாண்டதாகக் கூறும் அந்நூல், அதனையடுத்துச் சங்கிலியின் சினம் பௌத்தர்மீது திரும்பியதாகச் சொல்வதால், கடிதத்தில் வேதசாட்சியமாக நின்ற அதே மரணம் இங்கே ஒரு கொடுங்கோலனின் குற்றப் பட்டியலில் ஓர் உறுப்பாகிறது. கத்தோலிக்கரை ஒடுக்கிய ஒல்லாந்த ஆட்சியின் அதிகாரியைக் கேட்போராகக் கொண்ட புலவர் வேதசாட்சியத்தைப் போற்றாததில் வியப்பில்லை.

இவ்விரண்டையும் சுருக்கிச் சொல்லும் விடை எவ்வளவு தெளிவாயினும் ஆய்வாகாது. உவமை, அடுக்கு, வினா என அணிகளை எண்ணிக் காட்டும் விடையும் அரைவழியிலேயே நின்றுவிடுகிறது. பனுவல் யாரிடம் எதைச் சாதிக்க முயல்கிறது என்ற முடிபை முதற்பத்தியிலேயே நிறுத்தி, ஒவ்வொரு பத்தியிலும் ஓர் உத்தியை அதன் இடத்தோடு காட்டி, அது அந்தக் கேட்போரிடம் ஏன் பலித்திருக்கும் என்று விளக்கும் விடையே வலிமையுடையது.

அத்தகைய வாசிப்பின் துணிவை, வைபவமாலையின் காலக் குழப்பங்களைப் போர்த்துக்கேயர் ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில் (1928) காணலாம். அவரும் கத்தோலிக்கத் துறவியே என்பதால், சங்கிலியைப் பற்றிய அவருடைய பக்கங்களையும் மாணவர் அதே ஐந்து கேள்விகளோடுதான் அணுகவேண்டும்.