பின்பனியில் தரங்கம்பாடி

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றனர். ஓசூரில் வாழும் எங்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்த ஊராதலின், மாசி விடியலில் முற்றத்துக் கல் காலைச் சுடும். வெப்பத்தால் அன்று, குளிரால். சிப்காட் தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்ட் வேலைக்குச் செல்வோர் காதுகளைத் துண்டால் மூடிக்கொண்டு பேருந்துக்குக் காத்து நிற்பர்.

அத்தகைய விடியல்களில் எனக்கு ஓர் ஆசை எழுவதுண்டு. பூகோள பாடம் நடத்திய காலத்தில், கோபன்ஹேகன் நகரைச் சுவர்ப் படத்தில் பிரம்பால் எத்தனையோ முறை சுட்டிக் காட்டியிருக்கிறேன். நீர் உறையும் குளிரில் அந்நகர்த் தெருக்களில் ஒரு நாளேனும் நடக்கவேண்டும் என்பதே அவ்வாசை. ஓய்வூதியம் பெறும் பள்ளி ஆசிரியனுக்கு அது கைகூடுவதன்று. எனினும், டேனியர் கட்டிய நகரம் ஒன்று நம் காவிரி நாட்டுக் கடற்கரையிலேயே இருக்கின்றதே! அதனையேனும் பின்பனிக் காலத்தில் கண்டு வருவோம் என்று, சென்ற மாசியில் ஒரு நாள் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டேன்.

கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை. பின்பு விழுப்புரம், சிதம்பரம், சீர்காழி. மலைநாட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் இவ்வழி நெடுகிலும் குளிர் சிறிது சிறிதாகக் கழன்று போயிற்று. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி என ஒன்று உண்டு. அது பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் வந்த வேறொரு சங்கத்தாரின் பணி. ஆயினும் அப்பெயர் நான் செல்லும் திசைக்கு ஒரு கைகாட்டி போல் எனக்குப் பட்டது.

நான் தரங்கம்பாடி சேர்ந்த நாள் பிப்ரவரி 22. நாளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன். 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் இராசவீதி நேராகக் கடலை நோக்கி ஓடுகிறது. ஒருபுறம் 1701இல் எழுந்த சீயோன் ஆலயம். மறுபுறம் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். மேலும் நடந்தால் தூண்கள் நிறைந்த கவர்னர் மாளிகையும், அகன்ற திடலும், அதற்கப்பால் கடலைப் பார்த்தபடி கோட்டையும் தோன்றும். திடலுக்கு வடபால் அலைகள் மோதும் இடத்தில் மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. அது 1306ஆம் ஆண்டில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. பழைய கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. டேனியர் வருமுன்னரே இது ஊராக இருந்தது என்பதற்கும், சடங்கன்பாடி என்ற பழம்பெயர் இதற்கு வழங்கிற்று என்பதற்கும் அக்கோயிலே சான்று.

டேனியர் இங்கு வந்த வரலாறு சுவையானது. டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய கப்பல்கள், ஓவ் கெட்டே என்ற இளந்தலைவரின் கீழ் 1618இல் கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்டன. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. மிளகு வாணிகம் அவர்களுடைய நோக்கம். பிற ஐரோப்பியருக்கு மாற்றாக ஒரு வாடிக்கைக்காரர் வேண்டும் என்பது நாயக்கருடைய நோக்கம். தெலுங்கிலே காவியம் பாடிய அவ்வரசர், டென்மார்க்கு மன்னருக்குப் பொன் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் எழுதுவித்து அனுப்பினார். அப்பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லையூர்க்காரனாகிய எனக்கு, தெலுங்குப் புலவர் ஒருவர் தமிழோலை விடுத்தார் என்பதில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை, மகிழ்ச்சியே தோன்றியது.

கோட்டையின் பெயர் டேன்ஸ்போர்க். 1623இல் ஐஸ்லாந்து தீவைச் சேர்ந்த யோன் ஓலாப்சன் என்ற பீரங்கி வீரர் இக்கோட்டையில் பணிபுரிந்தார். வெடிமருந்து விபத்தில் காயமுற்றுத் தாயகம் திரும்பிய அவர், முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பனிமலைத் தீவின் மொழியில் நம் தஞ்சைக் கடற்கரையின் கோயில்களும் மனிதர்களும் இடம்பெற்றது அவ்வாறுதான்.

ஆனால் வாணிகம் செழிக்கவில்லை. ஐரோப்பியப் போர்களில் டென்மார்க்கு நலிந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் கோபன்ஹேகனிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையிலிருந்த டேனியர் ஒவ்வொருவராக மறைய, இறுதியில் எஸ்கில் கொங்ஸ்பாக்க என்பவர் மட்டுமே எஞ்சினார். உள்ளூர் மக்களைத் துணைகொண்டு அவர் கோட்டையைக் காத்து நின்றார். 1669இல் ஒரு கப்பல் வந்தபோது, டேனியக் கொடி இறங்காமலே இருந்தது! அந்த ஒற்றை மனிதரை நினைத்தபடி நான் கோட்டைக் கொத்தளத்தின்மீது நெடுநேரம் நின்றேன். இக்கோட்டை பின்னாளில் பயணியர் விடுதியாகவும் இருந்தது. 1978 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. உள்ளே காட்சியகம் ஒன்று இருக்கிறது.

இத்துணை அரும்பாடு பட்டுக் காத்த நகரம் முடிவில் என்னாயிற்று? விலைக்குப் போயிற்று. 1845ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று, தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் டேனிய அரசு பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்க உடன்படிக்கை எழுதிற்று. 225 ஆண்டுகளின் கணக்கு ஒரு கையெழுத்தில் முடிந்தது. அதன் ஆண்டு நாளில்தான் நான் கொத்தளத்தின்மேல் நின்றேன்.

இரவில் மெல்லிய பனி இறங்கியது. ஓசூர்க்காரனுக்கு அது பனியே அன்று. விடிந்தால் பிப்ரவரி 23. அந்நாளின் பொருட்டே நான் இரவு தங்கினேன். 1719இல் அதே நாளில், முப்பத்தாறே வயதில், சீகன்பால்கு என்பவர் இவ்வூரில் உயிர்நீத்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம், அவரே கட்டிய புதிய எருசலேம் ஆலயம்.

சீகன்பால்கு டேனியர் அல்லர். சாக்சனி நாட்டு ஜெர்மானியர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு அவரையும் புளூட்சோ என்பவரையும் சமயப்பணிக்கு அனுப்பினார். 1705 நவம்பரில் கோபன்ஹேகனை விட்டவர்கள் 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து சேர்ந்தனர். மறுநாள் சீகன்பால்குக்கு இருபத்து நான்காம் பிறந்தநாள். வந்த இருவரையும் கம்பெனி அதிகாரிகள் விரும்பவில்லை. 1708இன் இறுதியில் சீகன்பால்கு கைது செய்யப்பட்டு, நான்கு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தார். அந்தப் பின்பனியின் பெரும்பகுதி அவருக்குக் கோட்டைச் சுவருக்குள்ளேயே கழிந்தது.

அவர் செய்த பணிகள் பலவற்றையும் நாம் அறிவோம். தமிழ் அச்சு அவருக்கு முன்னரே உண்டு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. ஆயின் இடையிலே நின்றுபோன அக்கலையை, 1713இல் தரங்கம்பாடியில் மீண்டும் உயிர்ப்பித்தவர் இவர். எழுத்துகள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவை மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். தாளுக்குத் தட்டுப்பாடு வரவே அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து 1708இல் அவற்றுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை, சமயப் பகையை வளர்க்காமல் செய்தி தருகிறதே என்று ஜெர்மனியிலிருந்த மேலோர் ஒதுக்கிவைத்தனர். அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. 1716இல் ஆசிரியர்களைப் பயிற்றும் ஒரு கல்விக்கூடத்தையும் அவர் நிறுவினார். பயிற்சிப் பள்ளியில் படித்து ஆசிரியனான நான் அதை எண்ணித் தலைவணங்கினேன்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஒரு சிறு செய்தியே என்னை அவ்வாலயத்தின் வாயிற்படியில் உட்கார வைத்துவிட்டது. தமிழ் கற்க விரும்பிய சீகன்பால்கு, முதுமை எய்திய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். முன்னே பரப்பிய மணலில் விரலால் ‘அ’ எழுதினார். மன்னரின் ஆணையோடு வந்தவர் அவர். அருகில் இருந்தவர்களோ ஐந்தாறு வயதுச் சிறுவர்.

நேயர்களே, இவ்விடத்தில் என் குறை ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். ஓசூருக்கு அண்மையில் ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, ஒரு ஜூன் மாதத்தில், ஒடிசாவிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த ஒருவர் தம் மகனை அழைத்து வந்தார். சிறுவனுக்கு ஒன்பது வயதிருக்கும். தமிழில் ஓர் எழுத்தும் அறியான். “எழுத்துத் தெரியாத பிள்ளையை நான் எந்த வகுப்பில் வைப்பேன்? முதலில் தமிழ் கற்பித்து, பிறகு அழைத்து வாருங்கள்” என்றேன். அச்சொற்களும் அந்தத் தந்தைக்குப் புரிந்திரா. என் கை காட்டிய திசை மட்டும் புரிந்திருக்கும். அவர் கும்பிட்டுவிட்டுப் பையனின் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறினார். மீண்டும் வரவில்லை. என்னை யாரும் குறை கூறவில்லை. அன்று மாலை மற்றக் கோப்புகளைப் பார்த்துக் கையெழுத்திட்டு வீடு சென்றேன்.

தமிழ் கற்ற பின் வா என்றேனே, அவன் தமிழ் கற்பதற்குப் பள்ளியன்றி வேறு இடம் ஏது? முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு கிழ ஆசிரியர், ஓர் எழுத்தும் அறியாத அயல்நாட்டானைத் தம் பிள்ளைகளின் வரிசையில் அமர்த்திக்கொண்டார். தமிழ் வரலாறு சீகன்பால்கை நினைக்கிறது; நினைக்கட்டும். ஆனால் அன்று அந்த வாயிற்படியில் நான் நினைத்தது அந்த ஆசிரியரைத்தான். அவர் கதவைச் சாத்தியிருந்தால் இந்த அச்சும் இல்லை, இந்தப் பட்டியலும் இல்லை. டேனியர் காத்த கோட்டை விலைக்குப் போயிற்று. அவர் பரப்பிய மணலில் எழுதிய எழுத்துக்கு விலை பேச எவராலும் இயலவில்லை.

ஊர் திரும்பியதும் அச்சிறுவனைத் தேடினேன். அக்குடும்பம் குடியிருந்த வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு அங்கே கிடங்கு ஒன்று எழுந்திருந்தது. எங்கே சென்றனர் என்பதை அறிந்தவர் யாருமிலர். இப்பொழுது அவன் வளர்ந்து ஆளாகி, எங்கோ ஓர் ஆலையில் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும்.

எங்கள் தெருவில் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் சில உள்ளன. மாலையில் அவர்களுடைய பிள்ளைகள் நால்வர் என் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றனர். தாம்பாளத்தில் மணல் பரப்பி வைத்திருக்கிறேன். அவர்கள் ‘அ’ எழுதுகிறார்கள். பிறகு, அவர்களுள் மூத்தவள் என் விரலைப் பிடித்து ஒடியா எழுத்து ஒன்றை எழுதச் செய்கிறாள். அது வட்டமாக வளைந்து செல்லும் எழுத்து. எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அவள் பொறுமையாக மணலை நிரவிவிட்டு, மறுபடியும் எழுதச் சொல்கிறாள்.