தாலிக்கு முந்தைய மூன்று வருடம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. வழியில் பஞ்சாலைகள்; இறங்குமிடத்தில் ஆண்டாள் கோபுரம். மானிடனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று சொன்னவளின் ஊர் அது. அந்த ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான், 'கல்யாணத்துக்குப் பணம் சேரும்' என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை மேற்கு மாவட்டத்து மில்களுக்கு வண்டியேற்றினார்கள்.

சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம், கேம்ப் கூலி என்று அதற்குப் பல பெயர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் 1990களில் இது பரவியது. நிரந்தரத் தொழிலாளர்களுக்குச் சங்கம் உண்டு, சம்பள உயர்வு கேட்பார்கள். பதினாறு வயதுப் பெண் கேட்கமாட்டாள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை மொத்தமாகத் தருவார்கள். இடையில் போனால் அது கிடையாது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்ட நாட்டில், அந்தத் தொகைக்குச் 'சுமங்கலி' என்று பெயர் வைக்க யாரும் கூசவில்லை.

2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டுத் துணிக்கடைகள் விழித்தன. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழகத்து ஆடைத் தொழிலாளப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் பேசினார்கள். மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரையைக் கொடுத்து மேற்பார்வையாளர்கள் வேலை வாங்கியது தெரிய வந்தது. விடுப்புக்குப் பதில் மாத்திரை!

என் வகுப்புக்கு ஒரு மாணவி மூன்று வருடம் தாமதமாக வந்தாள். ராஜபாளையம் பக்கத்துக் கிராமம். ஒரு மில்லில் இருபத்தேழு மாதம் இருந்துவிட்டு வந்தவள். அங்கே கோன் வைண்டிங்.

“எப்போ தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“போன்ல அம்மாகிட்ட பேசும்போது வார்டன் பக்கத்துல நின்னாங்க மேடம். நல்லா இருக்கேன்னு நானே சொல்லிட்டு இருந்தேன். ஒருநாள் சொல்லி முடிச்சுட்டு, யார்கிட்ட சொல்றோம்னு தோணுச்சு.”

நூல் அறுந்துபோகாமலிருக்க ஈரப்பதம் ஏற்றிய அறை, தொண்டையில் பஞ்சு, இரட்டை ஷிப்ட், இதையெல்லாம் அவள் குறையாகவே சொல்லவில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று வைத்திருந்தாள். அவளைக் கிளப்பியது தன் வாயிலிருந்து வந்த பொய். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இன்னும் ஒன்பது மாதம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அங்கே இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நம் அம்மாக்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தொழிற்சட்டம் பொறுத்துக்கொள்வது.

எழுத்தில் இருக்கும் சட்டம் வேறு மாதிரி. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தது. மூன்று வருடம் கழித்துத் தருகிறேன் என்பதற்கு அதில் இடமே இருக்கவில்லை. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்றது. பூட்டிய கதவு வேண்டியதில்லை. பசியே போதும் என்று நீதிபதிகள் புரிந்துகொண்ட தீர்ப்பு அது. இதைப் பாடத்திட்டத்தில் வைக்கலாம்.

அவள் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தாள். பிழை பார்க்கச் சொன்னாள். சந்திப்பிழை இரண்டு. 'எனக்குச் சேரவேண்டிய திருமணப் பணத்தை வழங்குமாறு' என்றிருந்தது. திருமணப் பணம் என்பதை அடித்து, 'இருபத்தேழு மாதச் சம்பள பாக்கி' என்று எழுதினேன். வாங்கிப் பார்த்தாள்.

“அப்போ நான் ஒண்ணும் பாதியில விட்டுட்டு வரல, இல்ல மேடம்?”

மனுவை எடுத்துக்கொண்டு போய்ச் சுத்தப்பிரதி எழுதி வந்தாள். அதில் நான் திருத்தாத ஒரு வரி கூடியிருந்தது: அவள் பார்த்த இரவு ஷிப்டுகளின் எண்ணிக்கை.