உலோகக் கட்டடங்களில் நீர்க்கசிவும் கான்கிரீட் அஸ்திவாரமும்

எஃகுச் சட்டங்களை நிறுத்தி, துத்தநாக முலாம் பூசிய தகடுகளையே கூரையாகவும் சுவராகவும் போர்த்தி நிர்மாணிக்கப்படுவது உலோகக் கட்டடம். பட்டறைகள், கிடங்குகள், மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள், வாகனக் கொட்டகைகள் முதலியன பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. 1829-இல் ஹென்றி ராபின்சன் பாமர் என்னும் லண்டன் துறைமுகப் பொறியாளர் நெளிதகட்டுக்குக் காப்புரிமை பெற்றதும், 1837-இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு உரிமை பெற்றதும் இதன் பூர்வ சரித்திரம். உறுப்புகளைத் தொழிற்சாலையிலேயே வெட்டித் துளையிட்டு அனுப்பி, மனையில் போல்ட் முடுக்கிச் சேர்க்கும் பிற்கால முறை அமெரிக்காவில் பெரிதும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் அது ‘பி.இ.பி. ஷெட்’ என்ற பெயரால் வழங்குகிறது.

இத்தகைய கட்டடத்தினுள் மழைக்குப்பின் தண்ணீர் தேங்கக் கண்டால், உரிமையாளர் முதலில் கூரையையும், அடுத்தபடி தகடு முடுக்கியவரையும் சந்தேகிப்பது வழக்கம். ஆனால் கூரை ஒழுக்கு சொட்டும் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். சுவரோரமாகத் தரையில் படரும் ஈரத்துக்கோ பெரும்பாலும் காரணம் தகடு வருவதற்கு முன்பே, கான்கிரீட் போட்ட அன்றே உண்டாகிவிட்ட பிழைதான்.

சுவர்த்தகட்டின் மேல் அடிக்கும் மழைநீர் முழுவதும் நெளிவின் பள்ளங்கள் வழியாக இறங்கித் தகட்டின் கீழ்விளிம்பை அடைகிறது. தகடு தளத்தின் மேற்பரப்பிலேயே நின்றால், ஒவ்வொரு நெளிவுக்கு அடியிலும் ஒரு சிறு வாயில் திறந்திருக்கும். காற்று அந்நீரை உள்ளே தள்ள, தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலுள்ள நூலளவு இடைவெளி அதனை மேலும் உறிஞ்சிக்கொள்ளும். இதைத் தடுக்கும் உபாயம் மிகவும் எளியது. தளத்தின் புறவிளிம்பு நெடுகிலும் சுமார் ஒன்றரை அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள ஒரு காடியைக் கான்கிரீட் வார்க்கும்போதே சென்டரிங் பலகையின் உட்புறத்தில் மரச்சட்டம் பொருத்தி உண்டாக்கி, அதன் அடித்தளத்துக்கு வெளிப்புறமாகச் சிறிது வாட்டமும் கொடுத்துவிட்டால், தகட்டின் கீழ்விளிம்பு உள்தரையைவிடத் தாழ்ந்து நிற்கும். அதன் வழியே இறங்கும் நீர் உள்ளே வரவேண்டுமாயின் ஒன்றரை அங்குலம் மேலேறியாக வேண்டும். நெளிவின் வடிவத்துக்கு ஏற்ப வெட்டிய நுரைப்பட்டைகளை அவ்விடத்தில் வைத்து மூடுவது காற்றையும் பூச்சிகளையும் தடுக்கும். ஆயினும் பட்டையையும் சீலண்டையும் மட்டுமே நம்பிக் காடியை விட்டுவிடுவது, வெயிலில் வெடித்துப்போகும் ஒரு பொருளிடம் கட்டடத்தின் ஆயுளை ஒப்படைப்பதாகும்.

பலர் செய்யும் விபரீதம் இதற்கு நேர்மாறானது. பார்வைக்கு நன்றாயிருக்கும் என்றோ, அளவில் ஐயம் வந்தபோது பெரிதாயிருப்பதே க்ஷேமம் என்றோ எண்ணி, தளத்தைச் சுவருக்கு வெளியே அரையடி நீட்டி அதே மட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்த நீட்டல், விழும் மழையைப் பிடித்துத் தகட்டின் அடிக்கு அனுப்பும் திண்ணையாகிவிடுகிறது. ஆகவே காடியின் அகலத்தையும் ஆங்கர் போல்ட்டுகளின் இடத்தையும் காட்டும் வரைபடம் தகடு தருபவரிடமிருந்து கைக்கு வரும் முன்னர் கான்கிரீட் போடலாகாது. பலகை அடித்தபின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்து பார்ப்பதும் அவசியம்.

அடுத்தது தளத்தின் உயரமும் சுற்றுப்புறத்தின் வாட்டமும். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் அஸ்திவாரத்தை ஒட்டிய முதல் 10 அடிக்குள் தரை 6 அங்குலம் சரிய வேண்டும் என்று விதிக்கின்றன. தளமும் வெளித்தரையைவிட 6 அங்குலமாவது உயர்ந்திருப்பது பொதுவான பிரமாணம். வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கும் கரையோர மாவட்டங்களுக்கு இவ்வளவு போதாது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அப்படிப்பட்ட நாளை அரையடி உயரம் தாங்காது. அங்கே தெருவின் மட்டத்தையும், அறிந்த வெள்ளத்தின் மட்டத்தையும் விசாரித்தே தளமட்டத்தை நிர்ணயிக்க வேண்டும். சாதாரண மழையும் அற்பமன்று: 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் உள்ள கூரையின்மேல் 5 செ.மீ. மழை பெய்தால் இறங்கும் நீர் 10,000 லிட்டர். மழைநீர்த் தொட்டியும் குழாயும் வைக்காமல் இதைச் சுவரடியிலேயே கொட்டவிடுவோர், பின்னர் அஸ்திவாரத்தைக் குறை கூறுவது நியாயமன்று.

மண்ணிலிருந்து ஏறும் ஓதம் வேறு வகையைச் சேர்ந்த சத்துரு. கான்கிரீட் எவ்வளவு கடினமாகத் தோன்றினாலும் நுண்துளைகள் நிறைந்தது; ஈரமண்ணின்மேல் நேரே போட்ட தளம் அந்நீரை மெள்ள மெள்ள மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே கெட்டித்த மண்ணின்மேல் 100 மி.மீ. அளவுக்கு ஜல்லி பரப்பி, அதன்மேல் 150 மைக்ரானுக்குக் குறையாத பாலிதீன் தாளை, ஓரங்கள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரிப்பது முறை. 250 மைக்ரானாயின் உத்தமம், ஏனெனில் கம்பி கட்டுவோரின் கால் பட்டு மெல்லிய தாள் கிழிந்துவிடுகிறது. கலவையில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 லிட்டருக்கு மேற்படாமல் தண்ணீர் இருக்க வேண்டும். கொட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று வாளி வாளியாகச் சேர்க்கும் நீர் பிற்காலத்தில் ஆவியாகிப் போன வழிகளே ஓதம் வரும் வழிகளாகின்றன. இந்தியத் தர விதி 456, சாதாரண சிமெண்டுக்கு 7 நாளும், கலப்புச் சிமெண்டுக்கும் உலர்வெயில் காலத்துக்கும் 10 நாளுமாவது நீராற்றச் சொல்கிறது. 100 மி.மீ. தளமாயின் இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு முறை, கனத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு வெட்டு இடுவதனால், தளம் தன்னிச்சையாக வெடிக்காமல் நாம் காட்டிய கோட்டிலேயே வெடித்து அடங்கும். கோவை, விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களின் கரிசல் மண் மழையில் பொங்கிக் கோடையில் சுருங்கும் சுபாவமுடையதாதலால், அங்கு அதை வேண்டிய ஆழத்துக்குத் தோண்டியெடுத்துக் கிராவல் நிரப்பாமல் போடும் எந்தத் தளமும் வெடிப்பிலிருந்து தப்புவது துர்லபம். பனி உறையும் நாடுகளில் அஸ்திவாரம் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே இறங்க வேண்டும்.

பெரிய கதவுகளின் அடியில் காடி உதவாது. அங்கே ஷட்டர் இறங்கும் கோட்டுக்கு வெளியே தளத்தைச் சிறிது தாழ்த்தி வெளிநோக்கிச் சரிப்பதும், வண்டிப்பாதை உயர்ந்திருந்தால் குறுக்கே கிராதி மூடிய வடிகால் வைப்பதும் வேண்டும்.

முன்னமே காடியின்றிக் கட்டிவிட்டவர்கள், தகட்டின் அடியில் தகடு மடித்துச் செருகியும், உட்புறம் சிறு கான்கிரீட் தடுப்பு எழுப்பியும், வெளியே ஜல்லி நிரப்பிய வடிகால் தோண்டியும் ஓரளவு நிவாரணம் பெறலாம். தளத்தின் விளிம்பை இயந்திர ரம்பத்தால் அறுத்துக் காடி எடுப்பதும் உண்டு. ஆனால் ஆங்கர் போல்ட் விளிம்பை ஒட்டி நின்றால் அந்த அறுப்பு அதன் பிடிப்பையே குறைத்துவிடுமாதலால், பொறியாளரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. இவ்வளவும் செய்த பின்னரும் மழையில்லாத விடியற்காலையில் கூரையின் உட்புறத்திலிருந்து துளி விழுமானால், அது உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு நீராவதே அன்றிக் கசிவன்று; அதற்குப் பரிகாரம் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பதும் முகட்டில் காற்றுப்போக்கி வைப்பதுமே.