நீரடைப்பும் ஒரு குழாயின் வரலாறும்

அடக்கக்கூடாத வேகங்கள் 14 என நமது சித்த வைத்திய மரபு வகுத்துள்ளது. சிறுநீர் அவற்றுள் ஒன்று. நாம் அடக்காமலே அது தானாக அடைத்துக்கொண்டால் மனிதன் படும் பாடு சொல்லுந்தரமன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தந்தையார் அந்தப் பாட்டைப் பட்டார். முதுமையில் முன்னிற்கும் சுரப்பி பருத்துச் சிறுநீர் வழியை நெருக்கிவிட்டது. வைத்தியசாலையிலே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தியதும் அவர் முகத்தில் தோன்றிய ஆறுதலை நான் மறக்கமாட்டேன். ஆறாம் நாள் அதே குழாயின் வழியாகவே காய்ச்சலும் வந்தது. ஆறுதலும் ஆபத்தும் ஒரே வழியால் வந்தது எப்படி என்ற கேள்வியே இக்குழாயின் வரலாற்றை என்னைத் தேடவைத்தது.

வரலாறு நீண்டது. கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரிலே, இரட்டை வளைவு கொண்ட வெண்கலக் குழாய்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. வளையாத உலோகம் மென்மையான உட்சுவரைக் கிழிக்கும். ஆறிய புண் தழும்பாகி வழியை மேலும் ஒடுக்கும். 1752 இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின், கல்லடைப்பால் வருந்திய தம் தமையனார் ஜோனுக்காக, வெள்ளி வேலை செய்பவரின் அருகே இருந்து வளைந்துகொடுக்கும் வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்தார். பின்னர் 19 ஆம் நூற்றாண்டிலே, பிரெஞ்சு வைத்தியர் நெலற்றோன் மென்மையான றப்பர்க் குழாயை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

காயம் குறைந்தது, கிருமி எஞ்சியது. கிருமியை மருந்தால் தடுத்துச் சத்திரசிகிச்சை செய்யும் முறையை லிஸ்ரர் 1867 இல் வெளியிட்டார். அதே ஆண்டிலே நமது மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் தந்தார். உடலின் எந்த உறுப்பையும் தமிழிலே கூச்சமின்றிப் பேசலாம் என்று அன்றே காட்டியவர் அவர்.

1930 களில் அமெரிக்க வைத்தியர் பிரெடெரிக் போலி, குழாயின் நுனியருகே சிறு பலூனை அமைத்தார். உள்ளே சென்றபின் பலூனில் நீரேற்றினால் குழாய் நழுவாது. இது பெரும் வசதி. ஆனால், தானாக நழுவாத குழாயை எடுப்பதற்கு ஒருவர் நினைக்கவேண்டும். நினைக்க மறந்தால் அது நாட்கணக்கில் உள்ளேயே கிடக்கும். அக்காலத்தில் குழாயின் மறுமுனை கட்டிலின் கீழுள்ள திறந்த போத்தலில் விடப்பட்டது. சில நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளரின் சிறுநீரிலும் கிருமிகள் குடிபுகுந்தன. அவை குழாயின் சுவரிலே வழுவழுப்பான படலம் அமைத்து வாழ்பவை. மருந்து அங்கே எளிதில் எட்டாது.

1958 இல் போல் பீசன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இக்குழாய்க்கு எதிராகவே ஒரு வழக்குரை எழுதினார். நோயாளிக்குப் பாரதூரமான நோயைத் தரக்கூடிய செயல் இது என்பதை உணர்ந்தே இதைத் தீர்மானிக்கவேண்டும் என்பது அவர் வாதம். 1966 இல் கியூனின், மக்கோமக் என்ற இருவர், காற்றுப்புகாத மூடிய பையுடன் குழாயை இணைத்தால் தொற்று பெரிதும் பிந்தும் என்று காட்டினர். 1972 இல் லப்பிடீஸ் என்பவர், குழாயை உள்ளே விட்டுவைக்காமல், வேண்டியபோது நோயாளியே சுத்தமாகச் செலுத்தி எடுக்கும் முறையைப் பரப்பினார். இன்றும், மூடிய பையிருந்தும், குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேர் வரை புதிதாகக் கிருமியைப் பெறுகின்றனர். எல்லோரும் நோயுறுவதில்லை, ஆயினும் நாள் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். தந்தையாரைப் பார்க்க உறவினர் வந்தபோதெல்லாம், தொங்கிய பையைத் தூக்கிக் கட்டிலில் வைத்துப் போர்வையால் மூடியவன் நான். ஒருநாள் வயதில் மூத்த தாதி ஒருவர் அதைக் கண்டுவிட்டார்.

"மாஸ்ரர், பையை மேலை வைக்காதேங்கோ. சலம் திரும்பி உள்ளுக்குப் போகும். கிருமியும் சேர்ந்து போகும்."

காய்ச்சல் தணியப் பத்து நாள் சென்றது. பின்னர் வேறொரு வைத்தியர் வந்து, "இந்தக் குழாய் இன்னும் ஏன் இருக்குது?" என்று கேட்டார். அன்றே அது எடுக்கப்பட்டது. அக்கேள்வியை அதுவரை எவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருக்கவேண்டிய நானும் கேட்கவில்லை. அப்பா எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் வெட்கம்.

வகுப்பிலே ஆண்டுதோறும் இடக்கரடக்கல் கற்பிக்கின்றேன். அவையிலே சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லாற் கூறுவது தமிழின் நாகரிகம். அந்த நாகரிகம் சொல்லோடு நிற்கட்டும். நம் வீட்டு முதியவரின் கட்டிலருகே நிற்கும்போது, பை தாழ இருக்கிறதா, குழாய் இன்றும் தேவைதானா என்று நாள்தோறும் வாய்திறந்து கேட்போம். அக்கேள்வி அடக்கக்கூடாதது.